ஒரு வருடம் இன்னொருவர் கையெழுத்தில்

ஆஸ்திரேலியா விசா வந்து மூன்று வாரம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் முழுக்கச் செய்தி பரவ மூன்று நாள்கூட ஆகவில்லை. கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டும்போது ஒருவர், எங்கள் ஊர்ச் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது ஒருவர், வேலைக்குப் போன வீட்டில் நான் ஏணி மேல் நிற்கக் கீழே இருந்து ஒருவர் என்று எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எவ்வளவு ஆச்சு, எத்தனை நாள் ஆச்சு. இரண்டுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் தேடியபோது இதையெல்லாம் தமிழில் யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. ஆனால் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. பெர்த்தில் போய் இறங்கும் அன்று நான் முழு எலக்ட்ரீஷியன் கிடையாது. தற்காலிக லைசென்ஸில் 12 மாதம் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், நான் இழுத்த வயருக்கு அவர் கையெழுத்துப் போடுவார். இங்கே ஆறு வருடமாக என் பெயரில், என் கையெழுத்தில் சான்றிதழ் கொடுத்து வருகிறேன். வீட்டை விற்க முடிவெடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அப்பா நாதஸ்வரக்காரர். 1996-ல் டர்பனில் ஒரு கோயில் நிர்வாகம் அவரை மாயவரம் பக்கத்திலிருந்து வரவழைத்தது, எனக்கு அப்போது ஏழு வயது. 1860-ல் முதல் கப்பல் வந்ததிலிருந்து ஐந்தாறு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களில் தமிழ் பெரும்பாலும் தேவாரம், பூஜை, உறவுமுறைச் சொற்கள் என்ற அளவில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும். எனக்கு நாதஸ்வரத்தில் மனம் ஒட்டவில்லை. மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும், 2007-ல், கோயிலுக்கு வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். "மாமா, பையனுக்குத் தொழில் கத்துக் குடுங்க" என்று அப்பா சொன்ன அன்றிலிருந்து எனக்கும் அவர் மாமாதான்.

மாமா பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த நம் ஆட்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்திருந்த இடம் அது. அங்கேயே கோயில், அங்கேயே சாயங்காலத் தமிழ்ப் பள்ளி. குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அறுபதுகளில் அவர்களைக் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். 1965-ல், பதினெட்டு வயதில், மாமா ஒரு மின் ஒப்பந்தக் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்தார். அப்ரென்டிஸ் ஆக அவரும் கேட்டுப் பார்த்திருக்கிறார், கொடுக்கவில்லை. தொழில்காரன் என்ற பெயரும் அதற்கான சம்பளமும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த காலம், 1956-ல் வந்த ஒரு தொழில் சட்டம் அந்த மாதிரி ஒதுக்கீட்டுக்கு நேரடியாகவே வழி செய்திருந்தது. வயர் போகும் காண்டியூட் குழாயை வளைப்பது, வயர் இழுப்பது, போர்டு கட்டுவது எல்லாம் மாமா. காலையில் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறொருவர். எண்பதுகளில்தான் ஓலிஃபன்ட்ஸ்ஃபோன்டைனுக்கு ரயிலேறிப் போய் டிரேட் டெஸ்ட் எழுதித் தன் பெயரில் ஒரு காகிதம் வாங்கினார். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் தொழில்காரர்களின் திறனை மதிப்பிடுவது டிரேட்ஸ் ரெக்கக்னிஷன் ஆஸ்திரேலியா, சுருக்கமாக டிஆர்ஏ, அரசாங்கத்தைச் சேர்ந்தது. எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி லைசென்ஸ் வேண்டிய தொழிலென்றால், டிஆர்ஏ ஒப்புதல் கொடுத்த ஒரு பயிற்சி நிறுவனம் நம்மைச் சோதிக்கும். முதலில் காகிதம், அப்புறம் கேள்விகள், அப்புறம் செய்முறை. தேறினால் ஓடிஎஸ்ஆர் என்ற பதிவு கிடைக்கும். அதை வைத்து விசாவுக்குப் போகலாம், அங்கே போனதும் தற்காலிக லைசென்ஸ் கேட்கலாம். முழு லைசென்ஸுக்கு அந்த ஊர் விதிகளைப் படிக்கும் கேப் டிரெய்னிங்கும் மேற்பார்வையில் வேலையும் முடித்து, அவர்களுடைய மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னொன்று, லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலம். நாடு முழுக்க ஒரே லைசென்ஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னை நிறுத்தியது காகிதம்தான். மாமாவிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் பணம் கொடுப்பார், அதற்கு எந்தச் சீட்டும் கிடையாது. என் தொழிலில் முக்கால்வாசியை அந்த நான்கு வருடத்தில்தான் கற்றேன், ஆனால் கோப்பில் அந்த நான்கு வருடம் இல்லவே இல்லை. 2011-ல் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து 2014-ல் ரெட் சீல் என்ற தொழில் தகுதிச் சான்றிதழ் வாங்கி, 2019 வரை அங்கேயே இருந்தேன். அனுபவக் கடிதம் கேட்டால் ஏழு மாதம் இழுத்தடித்தார்கள், கடைசியில் வந்த கடிதத்தில் "பொதுவான மின் வேலைகள் செய்தார்" என்று ஒரே வரி. அது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். தம்பிகளே, இப்போது எங்கே வேலை பார்த்தாலும் விலகும் அன்றே கடிதம் வாங்கிவிடுங்கள். கம்பெனித் தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று விவரமாக, கையெழுத்தோடு. மோட்டார் ஸ்டார்ட்டர் கட்டினீர்களா, மூன்று ஃபேஸ் போர்டு கட்டினீர்களா, சோதனைகள் செய்தீர்களா, எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வேலை நடக்கும்போதே படம் எடுத்துவையுங்கள், பூச்சு பூசிய பிறகு சுவரைத்தான் எடுக்க முடியும்.

2019-க்குப் பிறகு சொந்தத் தொழில், அதைக் காட்டுவது இன்னும் கஷ்டம் என்று பயந்துகொண்டிருந்தேன். அங்கேதான் சிஓசி காப்பாற்றியது. இந்த நாட்டில் வீடு கைமாற வேண்டுமென்றால் வயரிங் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் மின் இணக்கச் சான்றிதழ், அதாவது சிஓசி, வேண்டும், அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால் எங்களை மாதிரிப் பதிவு பெற்றவர்களுக்கு வீடு விற்கும் சீசனில் ஓய்வே இருக்காது. நான் கொடுத்த ஒவ்வொரு சான்றிதழின் நகலையும் சோதனை அறிக்கையோடு சேர்த்து என் மனைவி பழைய புடவைப் பெட்டியில் அடுக்கிவைத்திருந்தாள். எடுத்து எண்ணினோம், 412. ஒவ்வொன்றிலும் தேதி, முகவரி, அளவுகள், அடியில் என் கையெழுத்து. அத்தோடு பில்கள், வருமான வரி ஆவணங்கள், கணக்கர் கடிதம். இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு ஏஜென்ட்டிடம் 18,000 ராண்ட் கொடுத்து ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் போன் எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஏஜென்ட்டுகளுக்கு அரசாங்கப் பதிவு எண் உண்டு, அதை அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை, அதனால் பதிவு இல்லாதவரிடம் பணம் போனால் போனதுதான். அதன் பிறகு எல்லாப் படிவமும் நானும் மனைவியும் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து நிரப்பியதுதான்.

இந்த விசாவுக்குப் புள்ளி சேர்க்க வேண்டும், என் கணக்கு இப்படி. எனக்கு வயது 36, அதற்கு 25. தொழில் தகுதிக்கு 10. எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம், 15. ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 7 எடுத்ததால் 10. மனைவியும் ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறியதால் 5. 491 விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் 15. மொத்தம் 80. குறைந்தபட்சம் 65 என்று போட்டிருப்பார்கள், அது வரிசையில் நிற்பதற்கான அளவு மட்டும்தான். பிறந்ததிலிருந்து இங்கிலீஷ்தானே பேசுகிறோம், தேர்வு எதற்கு என்று இங்கே பலர் கோபப்படுகிறார்கள். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விலக்கு இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும், கட்டுரை எழுதும் பகுதிக்குப் பயிற்சி எடுக்காமல் போகாதீர்கள். 45 வயதானால் கதவு மூடிவிடும், 33 ஆனாலே ஐந்து புள்ளி போகும். யோசித்துக்கொண்டே இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

491 என்பது ஐந்து வருடத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் இருக்க வேண்டும், மூன்று வருடம் அப்படி இருந்து வேலை பார்த்தால் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெர்த்தில் இருக்கலாம். விசாக் கட்டணம் எனக்கு மட்டும் 4,700 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், மனைவிக்கும் மகளுக்கும் தனி. மதிப்பீடு, தேர்வு, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், ஏமாந்த பணம் எல்லாம் சேர்த்து, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே 1,90,000 ராண்ட் தாண்டிவிட்டது. ஆரம்பித்ததிலிருந்து விசா வரை இரண்டு வருடம் இரண்டு மாதம்.

ஏன் போகிறாய் என்று கேட்பவர்களும் உண்டு, குறிப்பாக அப்பாவின் நண்பர்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஒரு வாரம் தெரு முனையில் ராத்திரி முழுக்கக் கட்டையோடு நின்றோம். அடுத்த ஏப்ரலில் வெள்ளம், இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2023-ல் மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை போனபோது எனக்கு இன்வர்ட்டர் வேலை குவிந்தது. அடுத்த வருடம் மின்வெட்டு அடங்கியதும் அந்த வேலையும் வற்றிவிட்டது. கரண்ட் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பத்து வருடம் ஓட்டியாகிவிட்டது, மகளுக்கு ஏழு வயது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செய்முறைத் தேர்வு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் ஒரு பட்டறையில். முந்தின நாள் என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் பக்கி ஓட்டிக்கொண்டு போனேன் (பின்னால் சாமான் போடும் சின்ன வண்டியை இங்கே பக்கி என்போம்). முதல் வேலையே ஒரு சர்க்யூட்டை அணைத்து, பூட்டி, கரண்ட் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் அணைத்த சர்க்யூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். நடுவில் மீட்டர் செத்திருந்தால், கரண்ட் இல்லை என்று பொய் சொல்லிவிடும் அல்லவா. இந்த மூன்றாவது தடவையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். எனக்கு மறக்க வழியில்லை. எனக்குப் பதினெட்டு வயதானபோது மாமா ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிக் கையில் கொடுத்து, "தம்பி, முதல்ல விளக்கு உயிரோட இருக்கான்னு பாரு, அப்புறம் வயரைப் பாரு, அப்புறம் திரும்ப விளக்கைப் பாரு" என்று சொல்லிக் கொடுத்தது, கை தானாகப் போனது.

மற்றபடி இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வயரின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்தால் இங்கேயும் அங்கேயும் ஒரு மெகாஓம் குறையக் கூடாது. வேறுபடுவது சின்னச் சின்ன இடங்களில், ஆனால் அந்த இடங்களில்தான் ஆள் சாவான். நமக்கு மூன்று ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், அவர்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம். இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்), அது பிளக் பாயிண்ட்டுகளைக் காத்தால் போதும். அங்கே இப்போதைய விதிப்படி புது வீட்டில் விளக்கு சர்க்யூட்டுக்கும் உண்டு, ஒன்றின் கீழ் மூன்று சர்க்யூட்டுக்கு மேல் போடக் கூடாது. இங்கே சான்ஸ் 10142 என்ற வயரிங் விதிப் புத்தகம் எனக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும். அவர்களுடைய 3000 புத்தகத்தை இப்போதுதான் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அந்த 12 மாத விதியை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். இங்கிலாந்து, அயர்லாந்திலிருந்து போகும் எலக்ட்ரீஷியனுக்கும் இதே கேப் டிரெய்னிங்தான், ஆள் பார்த்துப் போட்ட விதி இல்லை. மூளைக்கு இது புரிகிறது. இருந்தாலும் ராத்திரி படுத்தால், நான் கட்டிய போர்டுக்கு இன்னொருவர் பேனாவைத் திறக்கும் காட்சிதான் கண்ணில் வந்தது.

கிளென்வுட்டில் ஒரு பழைய வீடு. 2020 கடைசியில், விற்பதற்காக சிஓசி கேட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் நம் ஆட்கள் கொல்லைப்புற வழியாக மட்டும் உள்ளே போன தெரு அது. படிக்கட்டுக்கு அடியில் மரப்பலகையில் கட்டிய டிபி (மின் பகிர்வுப் போர்டு), பீங்கான் ஃபியூஸ்கள், ஐம்பது வருடமாக யாரும் தொடாத தூசி. வயர்கள் அப்படி ஒரு ஒழுங்கு, ஒவ்வொரு வளைவும் ஒரே அளவு, மெழுகு நூலால் கட்டு. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். உள்பக்க மூலையில் பென்சிலில் சின்னதாக ஓர் எழுத்து. தமிழ் எழுத்து. "மு", அதற்குக் கீழே 14-3-71.

கிளென்வுட்டில், ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், தமிழில் "மு". டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் பெயர் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும்.

சாயங்காலம் போய்ப் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லா போர்டுலயும் போடுவேன். பேப்பர்ல அவன் பேரு, மூடிக்குப் பின்னாடி என் பேரு. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாதில்ல" என்றார். நான்கு வருடம் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. நான் அவரிடம் சேர்வதற்குள் அவருக்குச் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிட்டது, பென்சில் தேவைப்படவில்லை. அந்தப் போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும், மரப்பலகைக்கு நான் சான்றிதழ் கொடுக்க முடியாது. வீட்டுக்காரரிடம் கேட்டு மூடியை மட்டும் எடுத்து வந்தேன். இப்போது அது மாமா வீட்டுக் கராஜில் சுவரில் சாய்ந்திருக்கிறது.

போன ஞாயிறு மாமாவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். பெர்த்தில் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கும் ஒப்பந்தக்காரரைப் பற்றி, 12 மாதத்தைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். மாமாவுக்கு 78 வயது, காது கொஞ்சம் மந்தம், சத்தமாகவே சொன்னேன். என்னமோ ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், உண்மை அதுதான். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அங்க வீட்டு மெயின் போர்டுலயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துடுவானுங்களாமே, நெசமா?"

நிஜம்தான் என்றேன். எம்இஎன் என்று பெயர், ஒவ்வொரு வீட்டிலும் தரையில் எர்த் கம்பி அடித்து, மெயின் போர்டில் ஒரு லிங்க் போட்டு இரண்டையும் சேர்ப்பார்கள், அது இல்லாவிட்டால்தான் தப்பு.

"இங்க அதைச் செஞ்சா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பேன்."

அடித்தும் இருக்கிறார், செருப்பால் இல்லை, அளவு நாடாவால். இங்கே சப்ளை பக்கத்தோடு அந்தச் சேர்க்கை முடிந்துவிட வேண்டும், வீட்டுக்குள் இரண்டும் தொட்டால் அது கோளாறு. முதல் வருடம் ஒரு ஜங்ஷனில் அப்படி இரண்டையும் தொடவிட்டு, ஏன் எர்த் லீக்கேஜ் விழுந்துகொண்டே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

"அப்ப எர்த் லீக்கேஜ் எப்படி நிக்கும்? விழுந்துடாதா?"

ஹார்டுவேர் கடை பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு வரைந்தேன். சப்ளை, மெயின் சுவிட்ச், நியூட்ரல் பார், எர்த் பார், நடுவில் லிங்க், அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு ஆர்சிடியும் (நம் எர்த் லீக்கேஜுக்கு அங்கே அந்தப் பெயர்). லிங்க் அதற்கு முன்னால் இருப்பதால் விழாது, கீழே எங்கேயாவது தொட்டால் மட்டும் விழும். பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, கரண்ட் போகும் வழியை ஒரு தடவை, கோளாறு வந்தால் திரும்பும் வழியை ஒரு தடவை, விரல் நடுங்க நடுங்க மெதுவாகக் கோடு இழுத்துப் பார்த்தார். அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அது ஆறி, திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை இழுத்தார்.

"ம். சரியாத்தான் இருக்கு" என்றார். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முதல் வீட்டுக்குப் போனதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மூடியைக் கழட்டிட்டு எடு தம்பி, மூடியோட எடுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."